வாகனங்கள், காலை, நீர்வண்ணம்

கத்தி நுனியை அந்த மனுசனின் கழுத்துக்குள் இறக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்று ஆரபி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், கத்தி அட்டையைத் தாண்டிப் போய் இரும்பு அடிமட்டத்தில் உரசிக் கிரீச்சிட்டது. "தங்கச்சி, வெரல் பெய்த்திடும், பாத்து," என்றார் ஏணியில் நின்ற நசீர் நானா, உதட்டுக்கிடையில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டே. போகட்டும். போனவர்களை எண்ண விரல் போதாத ஊரிலிருந்து வந்தவளுக்கு விரலைக் காட்டிப் பயமுறுத்துகிறார் நானா, பாவம், நல்ல மனுசன், காலையிலிருந்து நாற்பத்திரண்டு படங்களை மட்டம் பிடித்து மாட்டி, இப்போது அறிமுகப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டு இன்னும் பகிடி விட அவரிடம் மூச்சு மிச்சமிருக்கிறது. நாற்பத்தொன்றுக்கு விவரச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். அந்த நடு வரிதான் அவள் வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு மூன்றாம் வருசம், பயிற்சிக்கு மூன்று கிழமை என்று கொழும்பில் இந்தக் காட்சிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், வந்த அன்றைக்கே "உமக்குத் தமிழ் தெரியும்தானே" என்று சீட்டுகளைத் தலையில் கட்டிவிட்டார்கள். தெரியும்தானே! கண் தெரியும்தானே, மூச்சு விடத் தெரியும்தானே என்று கேட்பதுபோல. சரி, ஒரு ராணுவ ஓவியனின் படங்களுக்குத் தமிழ் எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று விடுதியில் இரண்டு நாள் தன்னோடேயே தர்க்கம் பண்ணி, பார்க்காமல் வெறுப்பது படிப்பாகாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். இப்போது பார்த்தாகிவிட்டது. நாற்பத்திரண்டாவது படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணெய்த்தாளைப் பிரித்த கணத்திலிருந்து அவளுக்குச் சீட்டின் ஒரு ஓரமும் நேராக வெட்டுப்படவில்லை. அந்த மனுசனோ எதிர்ப் பக்கத்தில், காற்றாடிக்கு நேர் கீழே, புதுச் சப்பாத்து கடிக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு காலை நீட்டி, வெறுந்தேநீரில் பிஸ்கற்றைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறார். ஹேமபால. ஓய்வுபெற்ற மேஜர். படைகளோடு போய்ப் படம் கீறுவதே உத்தியோகமாக இருந்தவர். பார்த்தால் சின்னப் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் மாதிரி இருக்கிறார், அதுதான் பொறுக்க முடியாதது, மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு அரக்கன் வந்திருந்தால் வெறுப்பது எவ்வளவு சுகமாயிருந்திருக்கும்.

படம் பெரிதில்லை. ஒரு பள்ளிக் கொப்பியை விரித்து வைத்த அளவு. இடது பக்கம் இரண்டு ட்ரக், பிறகு சங்கிலிச் சக்கரக் கவச வண்டி ஒன்று, அதன் முதுகில் உலரப் போட்ட சாரம், பிறகு தண்ணீர்த் தாங்கி வண்டி ஒன்று, பவுசர், வலது ஓரத்தில், பாதி காகிதத்துக்கு வெளியே போனமாதிரி, ஒரு பஸ். பின்னால் தலை முறிந்த இரண்டு பனை. வானத்தை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார், தூரிகை ஒரு இடத்திலும் தயங்கவில்லை, ஈரம் காயமுன் மஞ்சளை விட்டு விளிம்பைக் கரைத்திருக்கிறார், வெளிச்சம் கவச வண்டியின் சங்கிலியில் பட்டுத் தெறிக்கிற இடத்தில் வர்ணமே இல்லை, வெறும் காகிதம், அவ்வளவுதான், நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசுகிற பொருள் இல்லை, தொடாமல் விடுகிற பொருள். அழகு. அழகென்று நினைத்ததற்காக அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும்போல இருந்தது. அந்தக் காலை அழகாகவா இருந்தது? அந்தக் காலையில் அந்தப் பவுசரின் டயருக்குப் பக்கத்தில் ஒரு பொம்பிளை குப்புறக் கிடந்தாள், முதுகுச் சட்டை எரிந்து தோலோடு ஒட்டி, ஈ, ஈ, ஒரே ஈ, அவளுடைய கைப்பிள்ளை அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, எழும்பு எழும்பு என்பதுபோல. பவுசர் இருக்கிறது, டயர் இருக்கிறது, டயருக்குக் கீழே நிழல்கூட ஊதா கலந்து எவ்வளவு கவனமாக விழுந்திருக்கிறது, பொம்பிளை எங்கே? எங்கே என்று கேட்டால், பிள்ளை, போர் ஓவியன் பார்ப்பது வேறு, நீர் பார்ப்பது வேறு என்று விரிவுரையாளர் சொல்லுவார், தெரிவு செய்வதுதான் கலை என்பார், ஓம் சேர், தெரிவு செய்வதுதான் கொலையும், இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம். ஆனால் அதே பவுசர்தானா? ஏழு வயதில் பார்த்தது. பவுசர்கள் எல்லாம் ஒரே மாதிரித்தானே. ஓம், எல்லாம் ஒரே மாதிரித்தான், பனை முறிந்ததும் எல்லா இடமும்தான், நானே எனக்குக் கதை கட்டுகிறேனோ, என்று அவள் படத்தில் பிழை பிடிக்கப் பார்த்தாள், பிடிபட்டால் நிம்மதி, வேறொரு இடம், வேறொரு நாள் என்று சீட்டை எழுதிவிட்டு மூன்று மணிக்குச் சோறு தின்னலாம். மூலையில் பென்சிலில் திகதி இருந்தது. போர் முடிந்த அதே மே. அதே நாள். காலை ஏழு நாற்பது என்றுகூட எழுதியிருந்தார், வாத்தியார்தானே. பிறகு அவள் பஸ்ஸைப் பார்த்தாள். ஏற்கெனவே பார்த்ததுதான், எண்ணெய்த்தாளைப் பிரித்த கணமே பார்த்தது, ஆனால் தீக்காயத்தைப் பார்ப்பதுபோல பார்த்தும் பார்க்காமலும் இவ்வளவு நேரம் வானத்தையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் மண் நிறம். மேலிருந்து கீழ்வரை சேறு அப்பிக் காய்ந்த மண் நிறம். கதவடியில் மட்டும், மிதிபலகைக்கு மேலே, கைபிடிக் கம்பியைச் சுற்றி, ஏறினவர்களின் தோளும் கையும் வயிறும் உரசி உரசிச் சேறு கழன்று, ஒரு ஆள் உயரத்துக்குச் சிவப்பு.

சிவப்பு. வாய்விட்டுச் சொன்னாளோ என்னவோ, நானா ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். சிவப்பு என்று அவள் சொன்னது பதினொரு வயதில், அரசாங்க அதிபரின் கச்சேரி மண்டபத்தில், விசாரணைக் குழு என்று மேசை போட்டு இருந்தவர்களுக்கு முன்னால். அம்மா அதற்குமுன் மண் நிறம் என்று சொல்லி முடித்திருந்தாள், "என்ர மனிசன் என்ர கண்ணுக்கு முன்னால சரணடைஞ்சவர் ஐயா, மண் நிறப் பஸ்ஸில ஏத்தினவங்கள்," என்று. பக்கத்தில் இருந்த ஆரபி, யாரும் கேளாமலே, "இல்லையம்மா, சிவப்பு," என்றாள், கெட்டிக்காரியாம், வகுப்பில் கையை உயர்த்துவதுபோல கையையும் உயர்த்தினாள். கழுத்துப்பட்டி கட்டினவன் பேனையை மூடினான். "தாய் மண் நிறமெண்டுறா, மகள் சிவப்பெண்டுறா. வீட்டில போய் ரெண்டு பேரும் பேசி ஒரு நிறத்தைக் கொண்டாங்கோவன்." சிரித்தார்கள். மேசையிலிருந்தவர்கள் மட்டும் இல்லை, பின்னால் தங்கள் முறைக்காகக் காத்திருந்த சனத்திலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காதுக்குள் கம்பி விட்டமாதிரி இருக்கும். அப்படியொரு பஸ் அன்றைக்கு அங்கே வரவேயில்லை என்று பிறகு கடிதம் வந்தது. அம்மா அதற்காக அவளை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், விறகுக் கட்டையால் நாலு போட்டிருந்தால், எப்போதோ ஆறியிருக்கும். இப்போது இந்தக் கிழவனின் தூரிகை வந்து சொல்கிறது, அம்மா சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி என்று. அம்மா மூட்டையோடு முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் மறித்து வைக்கப்பட்டிருந்தாள், தூரத்திலிருந்து பார்த்தவளுக்கு மண். ஆரபி அப்பாவின் கையைப் பிடித்தபடி கதவுவரை போனாள், கன்னம் தகரத்தில் அழுந்தி நின்றவளுக்குச் சிவப்பு. ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று. அப்பா இருந்தது எத்தனை நாள்? உழவு இயந்திரப் பெட்டியில் காயக்காரரை ஏற்றிக்கொண்டு நாலு மாதம் ஓடினார், துவக்கைத் தொட்டதில்லை, ஆனால் ஒலிபெருக்கிக்காரன் ஒரு நாள் என்று சொல்லிவிட்டானே, பொய் சொல்லத் தெரியாத மனுசன், புவனேந்திரன், சைக்கிள் கடைக்காரன், கடன் சொன்னவனிடம்கூடக் கோபிக்கத் தெரியாதவன். வரும் வழியெல்லாம் பிணம். மிதிக்காமல் வர முடியாது. "கீழ பாக்காத குஞ்சு, என்ர சேட்டைப் பாத்துக்கொண்டு வா," என்றார், அவள் பார்த்தாள், சேட்டின் முதுகுத் துணியில் யாருடையதோ மூளை தெறித்துக் காய்ந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கதவடியில் முன்னால் நின்ற ஒருத்தன் ஏதோ கேட்டான், சின்னக் கேள்விதான், எங்கே கொண்டு போறியள் என்றோ என்னவோ, துவக்கின் பின்புறத்தால் வாயில் ஒரு இடி, பல் மிதிபலகையில் விழுந்து உருண்டது, சோழி மாதிரி, அவன் பல்லைப் பொறுக்கக் குனிந்தான், குனிந்தவனின் பிடரியில் இன்னொரு இடி. அப்பா கைபிடிக் கம்பியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொன்றாக. அவளும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தாள்.

போன் அடித்தது. அம்மா. கிளிநொச்சியில் காணாமல் போனவர்களின் உறவுகள் போட்ட றோட்டோரப் போராட்டப் பந்தலிலிருந்து, அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறின இந்த நேரத்தில்தான் அவளுக்குப் பேச்சுத் தேவைப்படும். "சாப்பிட்டனியோ?" "ஓம்." "பொய் சொல்லாத, உன்ர குரல் பசிக்குரல். என்ன சமைச்சவையாம்?" "சோறும் பருப்பும்." "பருப்பு எண்டு சொல்லித் தண்ணியைத்தான் ஊத்துவினம் அந்த விடுதிக்காரர். இஞ்ச ஆர் வந்தது தெரியுமே, வெளிநாட்டுக்காரி ஒருத்தி கமராவோட, என்னை அழட்டாம். நேற்றே அழுது முடிஞ்சுது, நாளைக்கு வா எண்டு அனுப்பிப்போட்டன்." அம்மா சிரித்தாள். ஆரபியும் சிரிக்கவேண்டிய இடம். அம்மா, பஸ் இருக்கு. அந்த இரண்டு சொல்லையும் அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். சொன்னால் என்ன நடக்கும்? அம்மா பந்தலை விட்டு எழும்பி அடுத்த பஸ் ஏறுவாள். விடிய வந்து கதவைத் தட்டுவாள். படத்தைக் கொடுங்கோ என்பாள். ஓவியம்தானே அம்மா என்பார்கள், மிக மரியாதையாக, கதிரை போட்டு இருத்தி, ஓவியர்மார் மனதில் தோன்றுவதையும் கீறுவார்கள், பனையை முறிப்பார்கள், பஸ்ஸை வைப்பார்கள், இதெல்லாம் அத்தாட்சியாகுமா அம்மா என்பார்கள், இன்னொருமுறை சிரிப்பார்கள். அதுதான் விசயம். போனில் படம் பிடித்தாகிவிட்டது, பன்னிரண்டு படம், கிட்ட, தூர, திகதி மட்டும் தனியாக. பன்னிரண்டும் சேர்ந்தாலும் கற்பனை என்ற ஒரு சொல்லை வெல்லாது. படம் சாட்சி இல்லை. படம் கீறினவன்தான் சாட்சி. அந்தச் சாட்சி பிஸ்கற் தின்கிறது. "என்னடி, கதைக்காமல் நிக்கிறாய்?" "ஒண்டுமில்லையம்மா, வேலை. பிறகு எடுக்கிறன்." "கவனம், அங்க ஒருத்தரோடயும் வாய் காட்டாத. உன்ர வாய்க்கு ஊரே காணாது." வைத்துவிட்டாள்.

வாய் காட்டாமல் என்ன செய்வது? அவள் படத்துக்கு மூக்கு முட்ட நெருங்கினாள். பஸ்ஸின் சன்னல்கள் எல்லாவற்றையும் ஒரே சாம்பல் கழுவலால் மூடியிருந்தார், நீலம் ஒரு துளி கலந்த சாம்பல், கண்ணாடி என்று நம்பும்படி. ஆனால் கண்ணாடி இல்லை அந்தப் பஸ்ஸில், அவளுக்குத் தெரியும், ஒரு சன்னலிலும் கண்ணாடி இல்லை. பிறகு எதற்குச் சாம்பல்? பக்கவாட்டில் தலையைச் சாய்த்தாள், வெளிச்சம் காகிதத்தில் வழுக்கிப் போகிற கோணத்தில், இரண்டாம் வருசத்தில் பழக்கினது, வர்ணத்தைப் பார்க்காதே, அடியைப் பார் என்று. பென்சில் கோட்டை ஈரம் படமுன் அழித்துவிட வேண்டும். ஒருமுறை வர்ணம் மேலே ஓடிக் காய்ந்துவிட்டால் கரி காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த ரப்பரும் ஒன்றும் செய்யாது. இந்தக் கை அவசரத்தில் அழிக்க மறந்துவிட்டது, அல்லது அழிக்க நேரமில்லை, மேலாலே சாம்பலை இழுத்துவிட்டு மறைந்துவிட்டதென்று நம்பிக்கொண்டது. மறையவில்லை. சன்னலுக்கு இரண்டு, ஒரு சன்னலில் மட்டும் ஒன்று, முட்டை முட்டையாக, கோழிமுட்டைக் கோடு. தலைகள். கண் இல்லை, மூக்கு இல்லை. பதினொன்று. திரும்ப எண்ணினாள், பதினொன்று. அப்பா எது? இது. இல்லை, இது, கதவுக்குப் பக்கத்தில். கடைசியாக ஏறினவர் கதவுப் பக்கம்தானே இருப்பார், ஆனால் கடைசியாக ஏறினாரா, அவள் விரலைக் கழற்ற எவ்வளவு நேரம் போயிருக்கும், அதற்குள் எத்தனை பேர் முந்தியிருப்பார்கள், அப்படியென்றால் இது, சீ, என்ன விசர் வேலை, முட்டைகளில் தகப்பன் தேடுகிறாள். ஆனால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அதற்கு அப்பாவின் முகத்தைப் பொருத்தினாள், ஒவ்வொன்றிலும் பொருந்தியது. இந்த மனுசன் இவர்களைப் பார்த்திருக்கிறான்! இருந்து, மடியில் பலகையை வைத்து, பதினொரு தலையையும் வளைவு வளைவாக எடுத்துவிட்டு, பிறகு மூடியிருக்கிறான். கத்தி கையில்தான் இருந்தது. கழுத்தில் வேண்டாம், கழுத்து வீண், அந்த வலது கையின் பெருவிரலை மேசையில் வைத்து அழுத்தி, மொளி தேடி, கோழிக்கால் வெட்டுவதுபோல ஒரே அழுத்து. சத்தம்கூடக் கேட்டது அவளுக்கு. பிறகு கீறு பாப்பம். பிறகு? பிறகு சிவப்புச் சிவப்பாக அந்தக் காலுறை நனையும், அவளை விலங்கு போட்டு ஏற்றுவார்கள், அம்மாவின் மடியில் இரண்டாவது படம். எட்டாவது படத்தின் சிங்களச் சீட்டில் சக்கரம் ஆறு என்பதற்கு நாலு என்று அச்சடித்துவிட்டார்கள் என்று இந்த மனுசன் காலையில் குதித்த குதியும் ஞாபகம் வந்தது, மூன்று தரம் திருப்பி அடிக்கவைத்தார், "பார்த்ததைத்தான் கீறினேன், பார்த்ததைத்தான் எழுத வேண்டும்" என்று. அப்போது அவள் வாய்க்குள் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. பார்த்ததைத்தான் எழுத வேண்டும். சரி சேர். அவள் கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் பேனையை எடுத்தாள். அவளுக்குத் தந்திருந்த வசனம் இவ்வளவுதான்: முன்னரங்கின் அருகே வாகனங்கள், காலை வெளிச்சம், காகிதத்தில் நீர்வண்ணம். அதை அப்படியே எழுதினாள். அதற்குக் கீழே எழுதினாள்: வலது ஓரத்தில், சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ். பஸ்ஸில் பதினொரு பேர். ஓவியர் அவர்களைப் பென்சிலில் வரைந்தபின் சாம்பல் பூசி மூடினார்.

எழுதிவிட்டால் முடிந்ததா? ஐந்து மணிக்கு விருந்தினர் வருவார்கள், ஆங்கில வரியைப் படிப்பார்கள், நடு வரி யார் கண்ணிலும் படாது, நாளைக்கு யாரோ ஒருவர் கண்டுபிடித்துக் கிழிப்பார், அவளை ஊருக்கு அனுப்புவார்கள். ஒளிந்திருந்து கல்லெறிந்ததுபோல இருக்கும். ஒளிந்திருப்பது அவர்களுடைய வேலையாக இருக்கட்டும். "சேர்," என்று கூப்பிட்டாள். அவர் தலையை நிமிர்த்திச் சிரித்தார். "என்ன மகள்? வா. இரு. சாப்பிடு," என்று பிஸ்கற் தட்டை நீட்டினார், அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க இப்படித்தான், வா, இரு, நில், காட்டு, பயப்படாதே, சோதனைச்சாவடியில் கற்ற தமிழில் அன்பு காட்டினாலும் கட்டளையாகத்தான் வரும். "கடைசிப் படத்துக்கு எழுதியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்," என்று சிங்களத்தில் சொன்னாள். சீட்டைக் கையில் வைத்து, ஒவ்வொரு வரியாக, சிங்களத்தில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள். குரல் நடுங்கக் கூடாது, கூடாது என்று மனம் கத்தியது, குரல் நடுங்கவில்லை. சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. மேஜர் தேநீரை வைத்தார். எழும்பினார். காலுறைக் காலோடு, சத்தமில்லாமல், படத்தடிக்கு வந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பஸ்ஸுக்குக் கிட்டக் குனிந்தார். இப்போது கத்துவான், போனை எடுப்பான், அடிப்பான், அடிக்கட்டும், என்று அவள் பல்லைக் கடித்தாள். அவர் சுட்டுவிரலைச் சன்னல் சன்னலாக நகர்த்தினார், உதடு அசைய. "பிழை," என்றார் தமிழில். பிறகு சிங்களத்தில், எரிச்சலோடு, சக்கரத்துக்குப் பட்ட அதே எரிச்சலோடு: "பதினொன்று என்றால் பிழை. இது இந்தப் பக்கம் மட்டும். அந்தப் பக்கச் சன்னலிலும் ஆள். நடுவில் நிலத்திலும் இருத்தியிருந்தார்கள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. அறுபதுக்குக் குறையாது. பஸ்ஸும் ஒன்றில்லை, மூன்று. காகிதத்தில் ஒன்றுக்குத்தான் இடம் வந்தது." "ஏன் சேர் மூடினீர்கள்?" "அசைந்துகொண்டே இருந்தார்கள்," என்றார், இன்னும் படத்தைப் பார்த்தபடி. "அசைகிற முகம் எனக்கு வராது. வாகனம் என்றால் நிற்கும்." அவள் கேட்கவிருந்த கேள்வி நெஞ்சுக்குள் புரண்டது, பதினைந்து வருசமாகப் புரண்டு புரண்டு மழுங்காத கேள்வி. "எந்தப் பக்கம் போனது பஸ்?" "வடக்கே," என்றார் உடனே, "பிரதான வீதிக்கு இல்லை. காட்டுப் பாதையால்." அப்போதுதான் அவருக்குத் தன் குரல் கேட்டது. அவள் பார்த்தாள், கேட்டதை. முகம் சேறு காய்வதுபோல ஓரத்திலிருந்து காய்ந்துவந்தது. கண்ணாடியைக் கழற்றினார். "எழுதாதே," என்றார். "நான் ஒன்றும் சொல்லவில்லை. சரியா, மகள்? ஒன்றும் சொல்லவில்லை." போய்ச் சப்பாத்தில் காலைத் திணித்தார், நாடா கட்டவில்லை, வெளிவாசலுக்குப் போய்ப் போனில் யாரையோ அவசரமாகக் கூப்பிட்டார்.

சொல்லவில்லையாம். வரவே வராத பஸ், சொல்லவே சொல்லாத சொல். இரண்டும் இனி ஒன்றாகப் போய்க் காட்டுப் பாதையில் மறையும், அவள் மட்டும் கையை உயர்த்திக்கொண்டு நிற்பாள், கெட்டிக்காரி, சிவப்பு சிவப்பு என்று. அவள் திரும்பினபோது நசீர் நானா ஏணியிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார். வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் எடுத்திருந்தார். "நானா," என்றாள், "கேட்டனீங்களோ?" கேட்ட பிறகுதான் உறைத்தது, என்ன கேட்டிருக்கிறாள் என்று. நாட்கூலி, மூன்று பெட்டைப் பிள்ளைகள், தேவாலயங்களில் குண்டு வெடித்த வருசம், முஸ்லிம் வீடென்று ஆமிக்காரர் உள்ளே நாயை விட்டுத் தேடினதை இடைவேளையில் பகிடிபோலச் சொன்ன மனுசன், இல்லை என்று ஒரு சொல் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அவள்கூட. "எனக்குச் சிங்களம் பள்ளியில படிச்சதில்ல தங்கச்சி," என்றார் நானா. வெளியே மேஜரின் குரல் உயர்ந்தது. நானா வாசலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அதில் அவர் எதைப் பார்த்தார் என்று அவளுக்குத் தெரியாது. "ஆனா முப்பது வருசமா சிங்களத்துலதான் ஏச்சு வாங்குறன். எல்லாம் வெளங்கிச்சு. மூணு பஸ். அறுவது பேருக்குக் கொறையாது. காட்டுப் பாதை." பேனையை எடுங்க என்று கையால் காட்டினார். "கேட்டவன் பேரையும் எழுதிக்கோங்க. மொஹம்மத் நசீர்." அவள் எழுதினாள். அவர் இன்னும் கிட்ட வந்து, வாசல்வரை கேட்கும் குரலில், தன் வாப்பாவின் பெயரையும் சொன்னார்.